பை நிறைகிறது, குடல் காய்கிறது

பித்தநாளம் அடைத்துக்கொண்டவருக்கு விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்திக் குழாய் வைத்துவிட்டார்கள். இடுப்போரம் தொங்கும் பையில் பச்சையும் மஞ்சளுமாகப் பித்தநீர் இறங்குகிறது, நாளுக்கு 500, 600 மி.லி. இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி 310 மைக்ரோமோலிலிருந்து 180-க்கு வந்தாயிற்று. கண் வெளுக்கிறது, அரிப்பு அடங்கி இரவில் தூக்கம் வருகிறது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அந்த நேரத்தில் தாதி வந்து கேட்பார்: "மலம் என்ன நிறத்தில் போகிறது?" அவர் எதற்கு இதைக் கேட்கிறார் என்று பலருக்கும் புரிவதில்லை. "வெள்ளையாத்தான், களிமண் மாதிரி" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள்.

மலத்துக்குப் பழுப்பு நிறம் வருவது பித்தநீரில் இருக்கும் பிலிருபினால். குடலில் வாழும் கிருமிகள் அதை உருமாற்றிப் பழுப்பாக்குகின்றன. பை நிறைந்தும் மலம் வெளுத்தே இருக்கிறது என்றால், பித்தநீர் உடம்பைவிட்டுப் போகிறதே தவிர, போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கல்லீரலுக்குச் சுமை இறங்கிவிட்டது. குடலுக்கு இன்னும் ஒரு சொட்டும் போய்ச் சேரவில்லை. பித்த அடைப்பு என்றதும் கல்லீரல், கண், தோல் என்றுதான் பேச்சு ஓடும். ஆளைச் சாய்ப்பது பல நேரம் குடலின் சுவர்.

கல்லீரல் நாளுக்கு 500 முதல் 1000 மி.லி. வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் முக்கியமான சரக்கு பித்த உப்புகள். உடம்பில் இருக்கும் மொத்த இருப்பே 2 முதல் 4 கிராம்தான், ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. அந்தக் கொஞ்சமே கல்லீரலுக்கும் குடலுக்கும் இடையே நாளுக்கு 6 முதல் 10 தடவை சுற்றி வருகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி ஏறக்குறைய 95 விழுக்காட்டை உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும். கொழுப்பைக் கரைப்பது பித்தத்தின் வேலை என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். குடல் சுவரை அது பார்த்துக்கொள்ளும் விதம் பாடத்தில் வருவதில்லை.

முதலாவது, பித்த உப்பு ஒரு சோப்பு மாதிரி. சோப்பில் கிருமி பெருகாது. பித்தம் ஓடிக்கொண்டிருக்கும்வரை சிறுகுடலில் கிருமிக் கூட்டம் அளவோடு இருக்கும். ஓட்டம் நின்றால் பெருகும். இரண்டாவது, ஈ.கோலை போன்ற கிருமிகளின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. பித்த உப்பு அதைச் சிறு துண்டுகளாக உடைத்து, குடலிலேயே வலுவிழக்கச் செய்து, மலத்தோடு அனுப்பிவிடுகிறது. மூன்றாவது, சிறுகுடலின் கடைப்பகுதிச் செல்களில் பித்த அமிலத்தை உணரும் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பி ஒன்று உண்டு. பித்தம் வந்து தொட்டால் அது விழித்து, கிருமிக்கு எதிரான பொருள்களைச் சுரக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். 2006-இல் வெளியான எலி ஆய்வில், பித்தநாளத்தைக் கட்டிய எலிகளுக்கு அந்த ஏற்பியைத் தூண்டும் மருந்தைக் கொடுத்ததுமே கிருமிப் பெருக்கம் கட்டுக்குள் வந்து, குடல் சுவரும் தேறியது. அந்த ஏற்பிக்கான மரபணு இல்லாத எலிகளில் மருந்து எடுபடவில்லை. இவை தவிர, ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதத்தில் ஒரு பங்கும் பித்தநீர் வழியாகவே குடலுக்கு வருகிறது.

இனி சுவர். குடலின் உட்பூச்சு ஒரே ஒரு செல் தடிமன். மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை மொத்தமாக உதிர்ந்து புதிதாக முளைக்கும். பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒட்டவைப்பது ஆக்லூடின், கிளாடின் போன்ற புரதங்களால் ஆன இறுக்கமான இணைப்புகள். வீவக அடுக்குமாடி வீட்டுக் குளியலறையை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். ஓடு பளபளவென்று இருக்கும், ஒன்றுகூட விரிசல் விட்டிருக்காது. ஓடுகளுக்கு நடுவே பூசிய கலவை கரைந்திருக்கும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்து, அவர் வந்து கதவைத் தட்டும்போதுதான் நமக்குத் தெரியும். பித்த அடைப்பு நோயாளிகளின் குடலில் சிறு துண்டெடுத்துப் பார்த்தவர்கள் கண்டதும் இதே மாதிரிதான்: ஆக்லூடின் குறைந்திருந்தது, செல்கள் வழக்கத்தைவிட வேகமாக மடிந்துகொண்டிருந்தன. கேமராவை உள்ளே செலுத்திப் பார்த்தாலோ குடல் குறையில்லாததுபோலவே தெரியும்.

கசிந்து வரும் நச்சு நேராக உடம்பெங்கும் பரவிவிடாது. குடலின் இரத்தம் முதலில் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகும். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் நான்கில் மூன்று பங்கு அந்த வழியாக வருவதுதான். அங்கே குப்ஃபர் செல்கள் வாசலில் நின்று, வரும் கிருமியையும் நச்சையும் விழுங்கிக்கொண்டிருக்கும். நாளம் அடைத்துப் பித்தம் தேங்கிய கல்லீரலில் இந்தக் குப்ஃபர் செல்களும் சோர்ந்துபோகின்றன. குடல் சுவர் கசியும் அதே நாள்களில் வாசல் காவலும் தூங்குகிறது. இரண்டும் ஒரே காரணத்தால், ஒரே நேரத்தில் நடப்பதுதான் இந்த நோயின் வஞ்சகம்.

அடுத்த அடி சிறுநீரகத்தில் விழும். மஞ்சளோடு அறுவைக்குப் போனவர்களுக்குச் சிறுநீர் நின்றுபோவதை ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் 1911-இலேயே எழுதிவைத்தார்கள். காரணம் அப்போது தெரியவில்லை. இரத்தத்தில் ஏறும் எண்டோடாக்சின் சிறுநீரக நாளங்களைச் சுருக்குகிறது. இரத்தத்தில் தேங்கிய பித்த உப்பும் பிலிருபினும் சிறுநீரக நுண்குழாய்களைத் தாக்குகின்றன. போதாக்குறைக்கு, இந்த நோயாளிகள் சிறுநீரில் உப்பைக் கூடுதலாக இழந்து, வெளியே தெரியாமல் வறண்டும் போயிருப்பார்கள். வார்டில் ஓயாமல் சிறுநீர் அளவு குறிப்பதும், வாய்வழி குடிக்க முடியாதவருக்கு உடனே சொட்டுநீர் ஏற்றுவதும் இதனால்தான்.

குடல் கசிவை அளக்க வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் லாக்டுலோஸ், மேனிட்டால் என்ற இரண்டு சர்க்கரைகளைக் கலக்கிக் குடிக்கக் கொடுப்பார்கள். வழக்கமான கலவையில் 10 கிராம் லாக்டுலோஸ், 5 கிராம் மேனிட்டால். அடுத்த 5, 6 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேகரித்து இரண்டும் எவ்வளவு வெளியேறின என்று பார்க்க வேண்டும். மேனிட்டால் சிறு மூலக்கூறு, நல்ல குடலிலும் நுழையும். லாக்டுலோஸ் பெரியது, இணைப்பு தளர்ந்தால்தான் நுழையும். இரண்டின் விகிதம் கூடினால் சுவர் கசிகிறது என்று பொருள். தனியாக ஒரு சர்க்கரையை அளந்தால் வயிறு காலியாகும் வேகம், சிறுநீரகத்தின் திறன் எல்லாம் கணக்கைக் குழப்பும். விகிதமாகப் பார்த்தால் அந்தப் பிழைகள் அடிபட்டுப்போகும். மலச்சிக்கலுக்காக ஏற்கெனவே லாக்டுலோஸ் சிரப் குடிப்பவருக்கு இந்தச் சோதனை பயன்படாது. இது ஆராய்ச்சிக்கான சோதனை, வார்டில் யாரும் எழுதித் தருவதில்லை. மலத்தின் நிறம் அதற்கு மாற்றாகாது, கசிவை அது அளக்காது. ஆனால் பித்தம் குடலுக்குப் போகிறதா என்ற கேள்விக்குச் செலவில்லாத பதில் அதுதான்.

அடைப்பைத் திறக்கும் வழிகளில் முதலிடம் இ.ஆர்.சி.பி.க்கு. வாய்வழியாகக் குழாய் இறக்கி, நாளத்தின் வாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பார்கள். கல் என்றால் எடுத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட் வழக்கமாக 3.3 மி.மீ. அளவுதான், ஏறக்குறைய மூன்று மாதத்தில் கசடு படிந்து அடைத்துக்கொள்ளும், மாற்ற வேண்டும். உலோக வலை ஸ்டென்ட் விரிந்தால் 10 மி.மீ., கூடுதல் நாள் தாங்கும், விலையும் கூடுதல். எதுவானாலும் பித்தம் தன் பழைய வழியில் குடலுக்கே போகிறது. உள்வழி வடிகாலுக்குப் பிறகு கசிவு விகிதம் இயல்புக்குத் திரும்புவதை நோயாளிகளிடமே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் அறுவைக்கு முன் எல்லாருக்கும் ஸ்டென்ட் வைத்து, குடலைத் தேற்றிவிட்டு அனுப்பலாமே என்று தோன்றும். பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தார்கள். 2010-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று இந்தக் கணக்கைக் கலைத்துப்போட்டது. கணையத் தலைப்பகுதிப் புற்றுநோயால் அடைபட்ட 202 பேரில், நேராக அறுவைக்குப் போனவர்களில் 39 விழுக்காட்டினருக்குக் கடுமையான சிக்கல் வந்தது. முதலில் ஸ்டென்ட் வைத்து 4 முதல் 6 வாரம் காத்திருந்தவர்களில் 74 விழுக்காட்டினருக்கு. குடல் தேறியதால் கிடைத்த லாபத்தை ஸ்டென்ட் கொண்டுவந்த தொற்றே தின்றுவிட்டது. நாளத்தின் வாயில் ஒரு தசை வளையம் காவலுக்கு இருக்கிறது. ஸ்டென்ட் அதைத் திறந்தே வைத்துவிடுவதால் குடல் கிருமி மேலே ஏறுகிறது. அந்த ஆய்வில் வைத்தவை பெரும்பாலும் பிளாஸ்டிக் ஸ்டென்ட், பிலிருபினும் 250 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தவர்கள் மட்டும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இப்போதைய நடைமுறை: அறுவை சீக்கிரம் கிடைக்கும், காய்ச்சல் இல்லை, பிலிருபின் அளவு கடந்துபோகவில்லை என்றால் ஸ்டென்ட் வேண்டாம். பித்தநாளத் தொற்று, அறுவைக்கு முன் கீமோ, கல்லீரலில் பெரும்பகுதியை எடுக்கும் திட்டம், சிறுநீரகத் தளர்ச்சி இவற்றில் எது இருந்தாலும் முதலில் வடிகால். வடித்தால் வாரக்கணக்கில் வடிக்க வேண்டும். நாலு நாள் வடித்துவிட்டு அறுவைக்கு அனுப்பினால் தொற்றுதான் மிஞ்சும், குடல் தேறியிருக்காது.

ஊர் உறவினரோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் அறிக்கையில் பிலிருபின் மைக்ரோமோலில் வரும், சென்னை அறிக்கையில் மில்லிகிராமில். 17-ஆல் வகுத்தால் கணக்கு சரியாகும். இங்கே 250 என்றால் அங்கே 15-க்குச் சற்றுக் கீழே. "எங்க சித்தப்பாவுக்கு 12 தான் இருந்துச்சு, உங்களுக்கு 200-ஆ!" என்று பதறுவதில் அர்த்தமில்லை, இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

வாய்வழி முடியாதபோதுதான் விலாவழிக் குழாய். இதில் இரண்டு வகை உண்டு. வெளிவடிகால் அடைப்புக்கு மேலேயே நின்றுவிடும். எல்லாம் பைக்கே வரும். உள்-வெளிக் குழாய் அடைப்பைத் தாண்டிச் சிறுகுடல்வரை போகும், அடைப்புக்கு மேலும் கீழும் துளைகள் இருக்கும். இதன் வெளிமுனையை மூடிவிட்டால் பித்தம் உள்ளேயே இறங்கும். எந்த வகை வைத்திருக்கிறது என்பதை வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உள்-வெளிக் குழாயை ஒருசில நாளில் மூடிப் பார்க்கச் சொல்வார்கள். மூடிய பிறகு காய்ச்சல், குளிர், வலி, அல்லது குழாயைச் சுற்றிக் கசிவு வந்தால் உடனே மூடியைக் கழற்றிப் பையை மாட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே எங்கோ அடைத்திருக்கிறது.

குழாயை அலசுவதில் நடக்கும் தவறு ஒன்று. மருத்துவமனை சொன்ன அளவு, பெரும்பாலும் 5 முதல் 10 மி.லி. உப்புநீரை, மெதுவாகத் தள்ள வேண்டும். தள்ளியதைப் பின்னால் இழுக்கக் கூடாது. இழுத்தால் குடலில் இருக்கும் கிருமி நாளத்துக்குள் வரும். எதிர்த்து நின்றால் அழுத்தித் திணிக்கவும் கூடாது. நாளத்துக்குள் அழுத்தம் ஏறினால் தேங்கிய கிருமிப் பித்தம் நேரே இரத்தத்துக்குள் புகுந்துவிடும். அலசிய ஒரு மணி நேரத்தில் உடம்பு தூக்கிப் போடுவது பெரும்பாலும் இதனால்தான். பை எப்போதும் குழாய் வெளிவரும் இடத்துக்குக் கீழே தொங்க வேண்டும். எம்.ஆர்.டி. ரயிலில் கூட்டம் என்று மடியில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

பையில் போவது தண்ணீர் மட்டுமில்லை. பித்தநீரில் சோடியம் இரத்தத்தில் உள்ள அளவுக்கே இருக்கிறது, கூடவே பைகார்பனேட்டும் போகிறது. நாளுக்கு ஒரு லிட்டரைத் தாண்டினால் உப்பு நிரப்பும் கரைசல் வேண்டியிருக்கும். இங்கேதான் நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்று வருகிறது. காமாலை என்றால் உப்பில்லாப் பத்தியம் என்று பாட்டி காலத்துப் பழக்கம். ஒருபக்கம் பை உப்பை உறிஞ்சுகிறது, மறுபக்கம் உப்பில்லாக் கஞ்சி. நான்காம் நாள் நோயாளி எழுந்தால் தலைசுற்றி விழுகிறார், ஐந்தாம் நாள் சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறியிருக்கிறது. வெளிவடிகால் இருக்கும்வரை உப்பில்லாப் பத்தியம் வேண்டாம். இதய நோய், சிறுநீரக நோய் இருப்பவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தியத்தோடு கீழாநெல்லியும் வரும். தேக்கா சந்தையில் கட்டாகவே கிடைக்கும். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே தேறும், பெயர் இலைக்குப் போகும். கல்லோ கட்டியோ குறுக்கே நிற்கும் நாளத்தை எந்த இலைச்சாறும் திறக்காது. அரைத்து மோரில் கலந்து குடித்துக்கொண்டே இரண்டு வாரம் கடத்துவதுதான் இதில் உண்மையான சேதம். மலம் வெளுத்து, சிறுநீர் தே-ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் போய், உடம்பெல்லாம் அரித்தால் அது அடைப்பாக இருக்கலாம். ஸ்கேன் எடுங்கள்.

வெளியே வடிந்த பித்தத்தைத் திரும்பக் குடலுக்கே கொடுப்பது இன்னொரு வழி. ஜப்பானில் நகோயா அறுவை மருத்துவர்கள் இதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள். வடிந்த பித்தத்தை மூக்குவழிக் குழாயிலோ குடிக்கவோ கொடுத்தபோது கசிவு விகிதம் குறைந்ததை 2004-இல் வெளியிட்டார்கள். நாட்டு வேப்பெண்ணெயைவிடக் கசப்பு. ஆறவைத்து, பழச்சாற்றில் கலந்தாலும் பலருக்கு இறங்காது. பையில் நாள் முழுக்கக் கிடந்த பித்தத்தை வீட்டில் யாரும் குடிக்கக் கூடாது, அதில் கிருமி பெருகியிருக்கும். வார்டில், புதிதாக வடிந்ததை, மருத்துவர் சொன்னால் மட்டும்.

சாப்பாட்டில் முதல் விதி, வயிற்றைக் காயப்போடாதீர்கள். குடல் செல்கள் தம் ஊட்டத்தில் கணிசமான பங்கை உள்ளே வரும் உணவிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. சிரைவழியே எவ்வளவு ஏற்றினாலும் உணவு வராத குடலின் விரல்முளைகள் மெலிந்துபோகும். சோதனைக்காக நள்ளிரவிலிருந்து பட்டினி, மதியம் தள்ளிப்போய் மறுநாள், மறுபடி பட்டினி என்று மூன்று நாள் ஓடுவது எந்த வார்டிலும் நடக்கும். சோதனை ரத்தானது தெரிந்த உடனே "சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

எண்ணெயை முழுக்க ஒதுக்கத் தேவையில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள். இட்லி, தோசை, குழைந்த சோறு, மீன் சூப், முட்டை வெள்ளை எல்லாம் தாங்கும். பரோட்டா, லக்சா, நாசி லெமாக் கொஞ்ச நாள் போகட்டும். மலம் எண்ணெய் மினுக்கோடு மிதந்து, கழுவினாலும் ஒட்டிக்கொண்டிருந்தால் கொழுப்பு செரிக்கவில்லை. பித்தம் இல்லாமலே உறிஞ்சப்படும் எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் உண்டு, உணவியல் நிபுணர் அளவு சொல்வார். தேங்காய் எண்ணெயும் அதுவும் ஒன்று என்று சொல்கிறார்கள். இல்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம்; அதில் பெரும்பங்கு நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே நடந்துகொள்ளும்.

பித்தம் இல்லாவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, இரத்தம் உறையத் தாமதமாகும். 10 மில்லிகிராம் ஊசியை வழக்கமாக மூன்று நாள் போடுவார்கள். ஊசிக்குப் பிறகு, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சரியானால் குறை பித்தத்தில் மட்டும்தான். சரியாகவில்லை என்றால் கல்லீரலே சேதப்பட்டிருக்கிறது. ஒரே ஊசியில் மருந்தும் கிடைக்கிறது, தகவலும் கிடைக்கிறது.

வலிக்கு ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நீங்களாகத் தொடாதீர்கள். குடல் சுவரைக் கசியவைப்பதும் சிறுநீரகத்தின் இரத்த நாளங்களைச் சுருக்குவதும் அவற்றின் குணம். ஏற்கெனவே இரண்டும் தள்ளாடுகின்றன. பனடோல் (பாராசிட்டமால்) எவ்வளவு என்பதைக் கேட்டு எடுங்கள். குடலுக்கு நல்லது என்று நல்ல கிருமி மாத்திரைகளை வாங்கிக் குவிப்பவர்களும் உண்டு. அறுவைக்கு முன்னும் பின்னும் கட்டுப்பாட்டோடு கொடுத்து நகோயாவில் நல்ல பலன் கண்டார்கள். கடுமையான கணைய அழற்சிக்குக் கொடுத்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்விலோ, மருந்து எடுத்தவர்களில் 16 விழுக்காட்டினர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் 6. கல் அடைப்பு சில நேரம் கணையத்தையும் சேர்த்துத் தாக்கும் என்பதால், கடையில் வாங்கிச் சாப்பிடும் பேச்சே வேண்டாம்.

காய்ச்சல் 38 பாகையைத் தொட்டு உடம்பு நடுங்கினால் வெளிநோயாளிச் சந்திப்புக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், பலதுறை மருந்தகத்தில் வரிசையில் நிற்கவும் வேண்டாம். நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள், வலது மேல்வயிற்று வலி மூன்றும் சேர்ந்தால் பித்தநாளத் தொற்று என்று 1877-இலேயே ஷார்கோ சொல்லிவிட்டார். மூன்றும் சேர்ந்தே வரும் என்றில்லை, வயதானவர்களுக்குப் பல நேரம் குழப்பமான பேச்சு மட்டும்தான் தெரியும். அப்படியானால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். அவசரப் பிரிவில் முதல் வாக்கியமே "பித்தநாளத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, குளிர்நடுக்கம் வந்தது" என்று இருக்கட்டும். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் டெங்கிப் பரிசோதனையில் நேரம் போகும்.

ஸ்டென்ட் திறந்துவிட்டால் சில நாளில் மலம் மறுபடி பழுப்பாகத் தொடங்கும். பிலிருபின் இறங்கும் வேகத்துக்குக் கண் தெளியாது, அது பின்தங்கியே வரும். ஸ்டென்ட் மீண்டும் அடைக்கும்போதும் சிறுநீர் கறுப்பதும் மலம் வெளுப்பதும் கண் மஞ்சளாவதற்கு முன்பே தெரிந்துவிடுவது வழக்கம். நாள்காட்டியில் தேதிக்குப் பக்கத்தில் மலத்தின் நிறத்தைக் குறித்துக்கொண்டே வந்தால் மருத்துவரிடம் காட்ட உதவும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் நாள்களில் மலம் கறுத்துப்போய் இந்தக் குறிப்பு செல்லாததாகிவிடும். அப்போது சிறுநீரை மட்டும் பாருங்கள், காலையில் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு இரண்டாவதை.